சத்தமில்லாத மரியாதை

எங்கள் லைன் வீடுகளில் சாயங்காலம் நடக்கும் பேச்சை வெளியாள் யாராவது பார்த்தால், வழி தவறி யாருடைய கனவுக்குள்ளோ வந்துவிட்டோம் என்றுதான் நினைப்பார். இந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, அந்தப் பக்கம் ஒரு வரிசை, நடுவில் மண் பாதை. இரண்டு பக்கமும் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாய்கள் அசையும், கைகள் அசையும், புருவம் ஏறி இறங்கும். ஒருவர் ஏதோ சொல்ல, எதிர் வரிசையில் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்குவார்கள். சத்தம் மட்டும் இருக்காது. மேற்கே மலைப் பக்கமிருந்து வரும் காற்று வேப்பமரத்தை அசைப்பது தெளிவாகக் கேட்கும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அவிநாசி ரோட்டிலிருந்து பிரிந்து போகும் பாதையில் இருந்த மில்லின் ஆட்கள் நாங்கள். வரிசை வரிசையாகத் தறிகள் ஒன்றாக அடிக்கிற கூடத்தில், பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை நன்றாகத் திறந்து, குரலை விட்டுவிட்டு, வார்த்தையை மட்டும் காட்டுவார்கள். தூரத்தில் இருப்பவனிடம் கையால் சொல்வார்கள். ஆளைக் கூப்பிட வேண்டுமானால் தோளில் தட்டுவார்கள், இல்லையானால் தரையை ஓங்கி மிதிப்பார்கள். இதற்கு மில்லுப் பேச்சு என்று பெயர். தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு இந்தப் பேச்சும் வீட்டுக்கு வந்துவிட்டது. சில வருடம் சர்வீஸ் போட்டவர்களுக்குக் காது எப்படியும் பாதி போயிருக்கும், பிறகு குரல் எடுத்து என்ன பயன்? என் அம்மா என்னைத் திட்டியதும் மில்லுப் பேச்சில்தான். அதில் ஒரு வசதி உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் திட்டு முடிந்தது.

சூசைமேரி இந்த லைனில்தான் பிறந்தாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு, எனக்கு ஒத்த வயது. அப்பா சந்தியாகு தறி ஓட்டுகிறவர், அம்மா நூல் சுற்றும் வைண்டிங்கில். பேச்சு வந்து கொஞ்ச நாளில் மேரிக்குத் தட்டம்மை கண்டது. காய்ச்சல் இறங்கியபோது காதும் போய்விட்டது.

அது யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்காதீர்கள், எங்கள் லைனில் அது தெரிவதற்கு வழியே இல்லை. எல்லோரும் உதட்டைப் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். எல்லோரையும் தோளில் தட்டிக் கூப்பிட்டார்கள், அவளையும் அப்படியே. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், ஆனால் அவள் அப்பாவும்தான் திரும்ப மாட்டார். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். அவள் அதையும் எங்கள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டாள். அது வேறு பாஷை என்று அவளுக்குத் தெரியாது, பங்காரம்மா வீட்டில், அதாவது என் வீட்டில், வாய் அப்படித்தான் போகும் என்று நினைத்திருந்தாள்.

மில் சுவரைத் தாண்டி வரும் பஞ்சுத் துகள் வெயிலில் மிதந்து மிதந்து இறங்குவதைக் குழாயடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். மில் சங்கு ஊதும் நேரத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சிரிப்பாள். சங்கு அவளுக்குச் சுவர் வழியாக வந்தது. நான் அதை விளையாட்டு என்று நினைத்து நானும் கையை வைப்பேன், எனக்கும் சுவர் லேசாக நடுங்குவது தெரியும். பெரியவர்கள் அவளைக் கனாக்காரி என்றார்கள். அதற்கு மேல் அவளிடம் ஒரு குறையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சின்னத்தாயி டீச்சர். வெற்றிலை போட்டுச் சிவந்த பெரிய வாய். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அந்த வருடம் வகுப்பில் முதல் பிள்ளை சூசைமேரி. அவள் குரல் ஏற்ற இறக்கமில்லாமல், மூக்கிலிருந்து நேராக வரும். டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்களும் எடுத்துக்கொள்ளவில்லை, ஆளுக்கொரு குரல் என்றிருந்தோம்.

இரண்டாம் வகுப்பில் சென்னகிருஷ்ணன் வாத்தியார் வந்தார். நல்ல மனிதர், அடிக்க மாட்டார். ஆனால் அவருக்கு ஒரு மீசை இருந்தது. மேல் உதடு முழுவதையும் மூடிக்கொண்டு, கீழ் உதட்டின் மேலும் பாதி தொங்கும் மீசை. போதாததற்குப் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம். மேரிக்கு அந்த வகுப்பில் தெரிந்தது ஒரு மீசையும் ஒரு முதுகும்தான்.

ஒரு நாள் சொல்வதை எழுதச் சொன்னார். 'பாடம் படி' என்றார். மேரி 'மாடம் மடி' என்று எழுதினாள். வாயைப் பார்த்தால் 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான், வேண்டுமானால் கண்ணாடியில் சொல்லிப் பாருங்கள். சின்னத்தாயி டீச்சர் வார்த்தையோடு படத்தையும் காட்டுவார், அதனால் அங்கே தப்பு வந்ததில்லை. இங்கே அவள் பாதி உதட்டைப் பார்த்து மீதியை ஊகித்து எழுதினாள்.

வாத்தியார் பலகையை வாங்கிப் பார்த்தார். எழுதியதை எழுந்து நின்று படிக்கச் சொன்னார். மேரி எழுந்து, அந்த நேரான குரலில், "மாடம் மடி" என்று படித்தாள். வகுப்பே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்து தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு மேரியின் குரலை யாரும் கேட்கவில்லை. உதடு மட்டும் பேசியது.

அந்த வாரமே வாத்தியார் சந்தியாகுவை வரச் சொன்னார். ஷிப்டு முடிந்து, பஞ்சுத் தலையோடு வந்து நின்றார்.

"உங்க புள்ளைக்குக் காது கேக்காதாட்ட இருக்குதுங்க" என்றார் வாத்தியார்.

"என்னங்க?" என்றார் சந்தியாகு. அவருக்கும் மீசைதான் தெரிந்தது.

வாத்தியார் கத்திச் சொன்னார்.

"அதெப்படீங்க? நாங்க பேசறதெல்லாம் அவளுக்கு நல்லா வெளங்குதுங்களே!"

வாத்தியார் அப்பாவையும் மகளையும் ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் ஓங்கிக் கை தட்டினார். மகள் திரும்பவில்லை. அப்பாவும் திரும்பவில்லை. இரண்டு பேரும் அவர்கள் பாட்டுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் இன்னொரு முறை தட்டினார், அப்புறம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இப்பப் பாத்தீங்களா?"

"எதைங்க?" என்றார் சந்தியாகு.

இதைச் சொல்லிச் சொல்லி லைனில் பல வருடம் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு முடிவு சிரிப்பாக இல்லை. "இது நல்ல புள்ளைங்க படிக்கிற எடமுங்க. இந்த மாதிரிப் புள்ளைகளுக்குத் தெக்க தனியாப் பள்ளிக்கூடம் இருக்குது, அங்கயே தங்கிப் படிக்கலாம்" என்றார் வாத்தியார். சந்தியாகு மகளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். கண்காணாத ஊருக்கு அனுப்ப மனசு வரவில்லை. அவ்வளவுதான் மேரியின் படிப்பு.

எனக்கு அந்த 'நல்ல புள்ளை' என்ற வார்த்தை மீது இன்றைக்கும் கோபம் உண்டு. ஒன்றாம் வகுப்பில் கெட்டிக்காரியாக இருந்தவள் இரண்டாம் வகுப்பில் குறைப்பிள்ளை ஆனாள். இடையில் அவள் காது மாறவில்லை, புத்தி மாறவில்லை. மாறியது ஒரு மீசை. ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்திலாவது மீசையைக் குறை என்று சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறார்களா?

வயது வந்ததும் நானும் அவளும் ஒன்றாக மில்லுக்குப் போனோம், அவள் அம்மா இருந்த அதே வைண்டிங்கில். உள்ளே நுழைந்த முதல் நாள் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. லைனில் வளர்ந்த எனக்கே அப்படி. கிராமத்திலிருந்து வந்த பெண்கள் தொண்டை கிழியக் கத்திவிட்டு, யாரும் திரும்பாததால் அழுதார்கள். மேரி மட்டும் வீட்டுக்கு வந்தது போல நடந்தாள். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து விழும், அதில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும், நடுவில் மேரி நின்று கண்ணாலும் உதட்டாலும் கதை சொல்வாள். நாலு மெஷின் தள்ளி நிற்பவர்களும் அந்தக் கதைக்குச் சிரிப்பார்கள். மேஸ்திரி வருவதைக்கூட அவள் புருவத்தைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். அங்கே யாரும் அவளைச் செவிடு என்று சொன்னதில்லை, ஏனென்றால் அந்த எட்டு மணி நேரமும் நாங்கள் எல்லோரும் செவிடு.

கரண்ட் போனால் மட்டும் கதை மாறும். மெஷின் எல்லாம் முனகிக்கொண்டே நிற்கும். திடீரென்று எல்லோருக்கும் காது திரும்ப வந்துவிடும், இருமல், வளையல், தூரத்து மாட்டு வண்டி எல்லாம் கேட்கும். எல்லோரும் கலகலவென்று குரலில் பேச ஆரம்பிப்பார்கள். மேரி நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கரண்ட் வரும் வரைக்கும்தான் அவள் செவிடு.

அந்த மில்லிலேயே ஃபிட்டராக இருந்த அமிர்தநாதன் அவளைக் கட்டிக்கொண்டான். மாதா கோயிலில் சாமியார் சம்மதம் கேட்டபோது அவள் தலையை ஆட்டினாள், அது போதும் என்றுவிட்டார். அடுத்த வருடம் பெண் குழந்தை. பிரசவத்தின்போதுகூட மேரி வாய்விட்டுக் கத்தவில்லை, மருத்துவச்சி பயந்தேபோனாள். பெயர் வைக்கும்போது சாமியார் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, மேரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, உதடு நன்றாக மூடித் திறக்கிற பெயராகப் பார்த்து 'பிலோமினா' என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதுதான் லைனுக்கே கவலை. தொட்டிலுக்குப் பக்கத்தில் தட்டைத் தட்டினோம், சொம்பை உருட்டினோம். குழந்தை ஒவ்வொன்றுக்கும் துள்ளி விழுந்து அழுதது. நாங்கள் சந்தோஷத்தில் இன்னும் தட்டினோம். பாவம், அதைத் தூங்கவே விடவில்லை.

பிலோமி வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகளோடு விளையாடும்போது காக்கை பறந்துவிடும், அப்படிக் கூவுவாள். நாயை விரட்டுவாள், பாட்டுப் பாடுவாள். ஆனால் அம்மாவிடம் பேசும்போது உதடு மட்டும்தான். தாத்தாவிடமும் அப்படியே. என்னிடமும், லைனில் இருந்த எல்லாப் பெரியவர்களிடமும் அப்படியே. குரல் எடுக்காமல், வாயைத் தெளிவாகத் திறந்து, கடைசியில் ஒரு 'ங்க' போட்டு முடிப்பாள். எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் பேச்சில் 'ங்க' இல்லாமல் முடியாது. அந்தக் குழந்தை அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது. பெரியவர்களிடம் பேசும்போது சத்தம் வரக்கூடாது. சின்னவர்களுக்கும் நாய்க்கும் காக்கைக்கும்தான் சத்தம். அவள் பார்த்த உலகத்தில் அது உண்மைதானே? எல்லாப் பெரியவர்களும் அவளிடம் அப்படித்தான் பேசினார்கள். நாங்களும் அதைக் கவனித்ததாகவே ஞாபகம் இல்லை. எங்களுக்கு அது இயல்பாக இருந்தது.

அறுபத்தாறாம் வருடம் ஜூன் மாதம், அதே பள்ளிக்கூடத்தில் பிலோமியைச் சேர்க்கப் போனோம். அமிர்தநாதனுக்குப் பகல் ஷிப்டு. குரலுக்கு ஒரு ஆள் வேண்டுமென்று மேரி என்னைக் கூட்டிப்போனாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. முந்தின நாள் முழுவதும் மேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை, குழந்தையின் கவுனைத் துவைத்ததையே மறுபடி துவைத்தாள். தன்னை வெளியே அனுப்பிய வாசல் வழியாகவே மகள் உள்ளே போக வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

தலைமையாசிரியர் லட்சுமணசாமி புதிதாக வந்தவர். மீசை இல்லை, முகம் பளிச்சென்று இருந்தது. மேரி அதைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். வரிசையில் வந்த ஒவ்வொரு குழந்தையும் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. பிலோமி காதைத் தொட்டாள், தொட்டு இழுத்தும் காட்டினாள்.

"கெட்டிக்காரிதான். உன்ற பேரென்ன கண்ணு?" என்றார்.

பிலோமி கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, வாயை அழகாகத் திறந்து, "பிலோமினாங்க" என்றாள். சத்தம் வரவில்லை.

அவர் குனிந்து மறுபடி கேட்டார். மறுபடியும் அவள் சொன்னாள். இந்த முறை இன்னும் மரியாதையாக, தலையைக் குனிந்து. மூன்றாம் முறையும் அதேதான்.

"பேச்சு வரலியேம்மா" என்றார் தலைமையாசிரியர், மேரியைப் பார்த்து.

மேரி அதை அவர் உதட்டில் படித்துவிட்டாள். என் பக்கம் திரும்பி வேகவேகமாக உதட்டால் கேட்டாள். "சொன்னாளே! நான் பாத்தனே பங்காரு. பேரைச் சொன்னாளே!"

"சத்தம் வரலை மேரி."

"ஏன் வரலை? எப்பவும் வருமல்ல?"

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? "புள்ளைககிட்டப் பேசறப்ப வரும். உங்கிட்ட, எங்ககிட்ட எல்லாம் வராது" என்றேன்.

மேரி என்னையே பார்த்தாள். இத்தனை வருடமாக மகள் தன்னிடம் பேசும்போதெல்லாம் அந்தக் குரல் ஊர் முழுக்கக் கேட்கிறது, தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நான் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொன்னேன். "ஏனுங்க சார், இது நல்லாப் பேசுமுங்க. பெரியவங்க முன்னால சத்தம் போடக்கூடாதுன்னு நெனச்சுட்டு இருக்குதுங்க." பிலோமியிடமும், "சத்தமாச் சொல்லு கண்ணு" என்றேன். குழந்தை என்னைத் திகைத்துப்போய்ப் பார்த்தது. கோயிலுக்குள் செருப்போடு நுழையச் சொன்னால் எப்படிப் பார்க்கும், அப்படி. தலையை ஆட்டி மறுத்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் பேசினார். "பக்கத்து ஊட்டுக்காரங்க, பாசத்துல சொல்றீங்க. நார்மலான கொழந்தைன்னா பேரு கேட்டாச் சொல்லிப்போடுமுங்க. அம்மாவுக்கும் கேக்காது போல. இது ஊமைதானுங்க. இதுகளுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்குது, நானே எழுதிக் குடுக்கறேன்." அடுத்த குழந்தையை வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

'ஊமை' என்ற சொல் உதட்டில் எப்படித் தெரியும் என்பது மேரிக்குத் தெரியும். குவிந்து, மூடி, திறக்கும். வாழ்நாளில் அதைத் தன்னைப் பார்த்து எத்தனையோ பேர் சொல்லக் கண்டிருக்கிறாள், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். இப்போது போகவில்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கழுத்து நரம்பு அசைவது தெரிந்தது.

"என்ற புள்ளைக்கு..." என்று ஒரு குரல் வந்தது. "பேச்சு... வருமுங்க."

அதே நேரான குரல், மூக்கிலிருந்து. இரண்டாம் வகுப்பில் கடைசியாகக் கேட்டது. பெரிய பெண்ணின் தொண்டையில் இன்னும் கரகரத்திருந்தது. வரிசையில் யாரோ ஒரு அம்மா களுக்கென்று சிரித்தாள். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேரி அத்தனை முகங்களையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, இன்னும் ஒரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னாள். "வருமுங்க!"

பிலோமி அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் குரலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. யார் பேசியது என்று முதலில் சுற்றிப் பார்த்தாள், அப்புறம் அம்மாவின் வாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது எனக்கே தெரிந்தது. ஓ, இந்த இடத்தில் மரியாதை இப்படியா! மறுபடி கையைக் கட்டிக்கொண்டு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள்.

"என்ற பேரு பிலோமினாங்க. எங்கம்மா பேரு சூசைமேரிங்க."

கணீரென்று வந்தது. ஆனால் காக்கை விரட்டும் குரலில் இல்லை. ஏற்ற இறக்கமில்லாமல், நேராக, மூக்கிலிருந்து, அம்மாவின் குரலில் வந்தது.

லட்சுமணசாமி சார் பேனாவைத் திறந்தார். "சரிங்க. சேத்திக்கறனுங்க" என்று பெயரை எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், மில் சுவர் ஓரமாக, மேரி என் தோளைத் தட்டி நிறுத்தினாள். "எப்படிப் பேசினா? சத்தம் நல்லா வந்துச்சா?" என்று உதட்டால் கேட்டாள்.

"நல்லா வந்துச்சு. உன்ற குரல்ல பேசினா" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "அய்யோ, வேண்டாம் பங்காரு. வகுப்புல எல்லாரும் சிரிப்பாங்க. மாத்திக்கச் சொல்லு."

நான் குனிந்து பிலோமியிடம் சொன்னேன். "கண்ணு, பள்ளிக்கூடத்துல நீ வெளையாடறப்பப் பேசுவயல்ல, அந்தக் குரல்ல பேசோணும். சரியா?"

குழந்தை யோசிக்கவே இல்லை. அதே நேரான குரலில் பதில் சொன்னது. "அது வெளையாட்டுக்குங்க. சார்கிட்ட மரியாதையாப் பேசோணுமல்லங்க. எங்கம்மா இப்படித்தானுங்க பேசுனாங்க."

அதை ஒரு வார்த்தை விடாமல் மேரிக்கு உதட்டில் சொன்னேன். அவள் பொத்திய கையை எடுத்தாள். சாரலில் நனைந்துகொண்டு மகளைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் அவள் எதையும் மாற்றச் சொல்லவில்லை. வீடு வந்து சேரும் வரை மேரி வழியில் கண்டதையெல்லாம் காட்டிக் காட்டிக் குரலில் பேசிக்கொண்டே வந்தாள். லைனில் காது மிச்சமிருந்தவர்கள் எல்லாம், இது யார் புதுக் குரல் என்று வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.